கெடிலக்கரையும் சனியின் துகள்களும்

தமிழ்நாட்டின் வானியல் வரலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் அது விரைவிலேயே இரண்டு முட்டுச்சந்துகளில் ஒன்றில் போய் நின்றுவிடுகிறது. எல்லாம் நம் முன்னோர் அறிந்திருந்ததே என்பது ஒன்று. எல்லாம் கப்பலேறி வந்தவர்கள் கொடுத்துப்போனதே என்பது மற்றொன்று. ஏடுகளைப் புரட்டும் உழைப்பை மிச்சப்படுத்தித் தருவதில் இரண்டும் ஒன்றுதான். புரட்டிப் பார்த்தால் இவ்விரண்டுக்கும் அடங்காத கதையொன்று கிடைக்கிறது. அதன் ஒரு பகுதியை, கடலூர், சிதம்பரம் வட்டாரத்தைக் கால்கோளாகக் கொண்டு, இங்கே சொல்லிப் பார்க்கிறோம்.

வியாழன், சனி, யுரேனஸ் ஆகிய பெருங்கோள்களை நிலவுகள் மட்டும் சுற்றிவரவில்லை. கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்களும் சுற்றிவருகின்றன. அத்துகள்கள் எவ்வாறு பிறக்கின்றன, எவ்வழியே நகர்கின்றன, எங்கே போய் அழிகின்றன என்பது இன்று வளர்ந்துவிட்ட தனித்துறை. அத்துறை உருவாகி வந்த நெடுவழியில் மூன்று இடங்களில் நம் நிலத்தின் பெயரும் இருக்கிறது. முதலாவது வியாழனின் நிலவுகளைப் பற்றியது. இரண்டாவது சனியின் வளையம். மூன்றாவது யுரேனஸின் வளையம். மூன்றுமே ஒளி மறைந்த அல்லது மறையாமல் ஊடுருவி வந்த கணங்களைக் குறித்துவைத்த கதைகள். கண் கண்டதற்கும் அதற்கு நாம் இடும் பெயருக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கக்கூடும் என்பதை மூன்றும் சேர்ந்து சொல்கின்றன.

நிலவுகள் என்னும் கடிகாரம்

சனியைச் சங்கச் சான்றோர் மைம்மீன் என்றனர். மெல்லச் செல்பவன் என்னும் பொருளில் சனைச்சரன் என்றும் மந்தன் என்றும் வழங்கியது வடமொழி மரபு. ஒரு முழுச்சுற்றுக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் கோளுக்குப் பொருத்தமான பெயர்தான். வியாழனுக்கு ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள். இக்கணக்குகள் நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தன. ஆயினும் வெறுங்கண்ணுக்கு இவ்விரண்டும் வெறும் ஒளிப்புள்ளிகளே. வியாழனுக்கு நிலவுகள் உண்டு என்பது 1610இல் கலீலியோ தொலைநோக்கியைத் திருப்பிய பிறகே உலகுக்குத் தெரியவந்தது.

அந்நிலவுகளுக்கு உடனே ஒரு நடைமுறைப் பயன் கண்டார்கள். வியாழனுக்கு மிக அருகிலுள்ள பெருநிலவான அயோ, நாற்பத்திரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை வியாழனின் நிழலுக்குள் புகுந்து மறைகிறது. அம்மறைவு இலண்டனில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. அந்தக் கணத்தில் இரண்டு ஊர்க் கடிகாரங்களும் என்ன காட்டின என்று ஒப்பிட்டுவிட்டால், இரண்டு ஊர்களுக்கும் இடையிலான நெடுக்கை வேறுபாடு கைக்கு வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து பாகை என்பது கணக்கு. சுருங்கச் சொன்னால், வியாழனின் நிலவுகள் உலகம் முழுவதற்கும் பொதுவாக மாட்டப்பட்ட ஒரு கடிகாரம்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அக்கடிகாரம் தேவைப்பட்டது. சோழமண்டலக் கரையில் நல்ல துறைமுகங்கள் இல்லை. கரையோ தட்டையானது. பரங்கிப்பேட்டையை அணுகும் மாலுமிக்குச் சிதம்பரத்தின் நான்கு கோபுரங்களே அடையாளம். அப்படிப்பட்ட கரையில் ஊர்களின் இடம் பிழையாகக் குறிக்கப்பட்டிருந்தால் கப்பல்களுக்கு ஆபத்து. 1786இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் வானாய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். அதைக் கம்பெனி ஏற்றெடுத்து 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக்கட்டடம் எழுப்பியது. கரையோர நில அளவையில் ஈடுபட்டிருந்த மைக்கேல் டாப்பிங் அதன் பொறுப்பாளர். அவருக்குப் பின் வந்தவர் ஜான் கோல்டிங்காம்.

அவ்வானாய்வுக்கூடத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது. அதில் டாப்பிங்கின் பெயரோடு தமிழிலும் தெலுங்கிலும் கல்வெட்டு உண்டு. கணித அறிவியல் பிரிட்டிஷ் வள்ளன்மையால் ஆசியாவில் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்வரும் தலைமுறைக்கும் அறிவிப்பதே அத்தூணின் நோக்கமாகச் சொல்லப்பட்டது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்குள்தான், கடலூருக்குச் சற்று வடக்கே புதுச்சேரியில், லெ ஜாந்தீல் என்னும் பிரெஞ்சு வானியலாளர் தங்கியிருந்தார். 1769ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வைக் காண வந்து மேகத்தால் ஏமாந்தவர் அவர். எழுதுகோலும் தாளும் இல்லாமல், சோழிகளைப் பரப்பியே கிரகணம் கணிக்கும் தமிழர்களை அவர் அங்கே கண்டார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளுள் ஒன்றான டோபியாஸ் மாயரின் கணக்கோ 68 விநாடி மிகுந்தது. தூணில் உள்ள செய்தியையும் இச்செய்தியையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதே வேளையில், சோழிக் கணக்கால் வியாழனின் நிலவுகளைக் காண முடியாது என்பதையும் மறக்கக்கூடாது.

கோல்டிங்காம் ஆண்டுக்கணக்கில் வியாழ நிலவுகளின் மறைவுகளைக் குறித்து, 1808இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். தாமும் தம் மேற்பார்வையில் பிறரும் கண்டவை என்று அக்கட்டுரையின் தலைப்பே கூறுகிறது. அந்தப் பிறருக்குத் தலைப்பில் பெயர் இல்லை.

பத்து விநாடிப் பிழை

வானாய்வுக்கூடம் கொடுத்த நெடுக்கையை நம் ஊர்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் வில்லியம் லாம்டன். 1802இல் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அங்கிருந்து முக்கோணங்களாகப் பின்னிக்கொண்டு தெற்கே இறங்கினார். அந்த வலையின் தென்கோடியாக அவர் தேர்ந்த இடம் கடலூருக்கு மேற்கே கெடிலக்கரையில் உள்ள திருவந்திபுரம். அவ்வூரின் பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருபவர்கள் தேவநாதப் பெருமாளும் வேதாந்த தேசிகரும். ஆனால் உலக நில அளவை வரலாற்றில் அவ்வூர் ‘டிரிவாண்டிபோரம்’ என்ற சிதைந்த வடிவில் வேறொரு காரணத்துக்காக இடம்பெற்றிருக்கிறது. சென்னைக்கு வடக்கேயுள்ள ‘பாட்ரீ’ என்னும் நிலையத்துக்கும் திருவந்திபுரத்துக்கும் இடையே, வடதெற்காக, 1 பாகை 34 கலை 56 விகலை கொண்ட வில்லை லாம்டன் அளந்தார். அதிலிருந்து 12 பாகை 32 கலை அகலாங்கில் ஒரு பாகையின் நீளம் 60,494 பாதம் என்று கண்டார். (இங்கே பாதம் என்பது ஆறடி கொண்ட கடல் அளவு.) இன்றைய அளவில் அது ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர். இக்கால அளவீடுகளோடு ஒப்பிட்டாலும் வியக்கத்தக்க துல்லியம்.

லாம்டன் தேடியது வெறும் தொலைவை அன்று. பூமி நடுக்கோட்டில் எவ்வளவு பருத்திருக்கிறது என்பதே அவர் கேள்வி. சுழலும் உருண்டை நடுவில் புடைக்கும் என்று நியூட்டன் கணித்திருந்தார். பூமியின் புடைப்பு முந்நூற்றில் ஒரு பங்கு. அதைக் காணத் திருவந்திபுரம் போன்ற இடங்களில் நுண்கருவிகள் வேண்டும். சனியின் புடைப்போ பத்தில் ஒரு பங்கு. தொலைநோக்கியிலேயே அது தட்டையாகத் தெரியும். இப்புடைப்பு நம் கதைக்கு முக்கியமானது. கோளின் பருத்த நடுப்பகுதி, சாய்ந்த பாதையில் சுற்றும் பொருள்களின் பாதைத் தளத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும். தளங்கள் திரும்பத் திரும்பத் துகள்கள் ஒன்றோடொன்று மோதும். மோத மோத மேலும் கீழுமான அலைவு அடங்கி, எல்லாம் நடுக்கோட்டுத் தளத்தில் படிந்துவிடும். 2,70,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுள்ள சனியின் முதன்மை வளையங்கள் பல இடங்களில் பத்து மீட்டர் கனமே கொண்டிருப்பது இதனால்தான்.

திருவந்திபுரத்தின் அகலாங்கு விண்மீன்களிலிருந்து நேரடியாகக் கிடைத்தது. நெடுக்கைக்கு மட்டும் சென்னையையே சார்ந்திருக்க வேண்டியிருந்தது. நில அளவைத் துறை நெடுங்காலம் கைக்கொண்ட சென்னையின் நெடுக்கை 80 பாகை 17 கலை 21 விகலை. உண்மை மதிப்பு 80 பாகை 15 கலைக்குச் சற்றே குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்திக்கம்பி வழியே நேரத்தை ஒப்பிட முடிந்த பிறகு, இந்திய நிலப்படங்கள் அனைத்தின் நெடுக்கையிலும் 2 கலை 27 விகலை கழிக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. கடலூரின் அகலாங்கில் அது ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர். நாடு முழுவதும் ஒன்றாக நகர்ந்திருந்ததால் நிலத்தில் எவரும் வழி தவறவில்லை. ஆனால் உலக உருண்டையில் அவ்வெண்ணின்படி புள்ளி வைத்திருந்தால் கடலூர் கடலுக்குள் போயிருக்கும். கூடலூர் என்ற பழம்பெயர் கடலூர் என்று மாறியதற்கு அப்போது ஒரு நியாயம் கிடைத்திருக்கும்!

நேரக்கணக்கில் இப்பிழை பத்து விநாடிக்கும் குறைவு. அயோ ஒரு புள்ளியன்று, அகன்ற உருண்டை. அது விளக்கணைந்தாற்போல மறைவதில்லை, மெல்ல மங்கி மறைகிறது. எந்த விநாடியில் மறைந்தது என்பது தொலைநோக்கியின் வாயளவையும், அன்றைய இரவின் தெளிவையும், பார்ப்பவரின் கண்ணையும் பொறுத்தது. மறைதல் என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வது உண்மையில் பல விநாடிகள் நீளும் நிகழ்ச்சி.

1852: மறைக்காத வளையம்

1848 டிசம்பரில் சென்னை வானாய்வுக்கூடத்தின் இயக்குநராக வந்தவர் பம்பாய்ப் பொறியாளர் படையைச் சேர்ந்த காப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். உடல்நலம் குன்றியவர். 1850இல் பாரிசின் லெரெபூர் நிறுவனம் செய்த, ஆறங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட வாயளவுள்ள தொலைநோக்கி அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்டில் பாண்டு என்னும் தந்தையும் மகனும், இங்கிலாந்தில் டாஸ் என்னும் பாதிரியாரும், சனியின் ஒளிவளையங்களுக்கு உட்புறம் மங்கலான கருவளையம் ஒன்று இருப்பதைத் தனித்தனியே அறிவித்திருந்தார்கள். அது என்ன பொருளால் ஆனது என்பது எவருக்கும் தெரியாது.

1852இல் ஜேக்கப் சென்னையிலிருந்து அவ்வளையத்தைக் கூர்ந்து நோக்கி, அதன் வழியே சனிக்கோளின் விளிம்பு தெரிவதைக் கண்டார். வளையம் கோளை மறைக்கவில்லை. மெல்லிய துணித்திரைபோல ஒளியை உள்ளே விட்டது. அதே காலத்தில் மால்டா தீவிலிருந்து வில்லியம் லாசல் என்பவரும் இதையே கண்டார். இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டது. சிறிய தொலைநோக்கியைக் கொண்டு ஜேக்கப் இதைக் கண்டதற்கு நம் வானமும் ஒரு காரணம். இங்கிலாந்தில் தாழ்வாகத் தெரியும் கோள்கள் இங்கே உச்சிக்கு ஏறுகின்றன. தடித்த காற்றடுக்குகளின் நடுக்கம் குறைகிறது.

இதன் பொருள் சிறிதன்று. அதுவரை வளையத்தைத் திடமான தட்டு என்று எண்ணியவர்களே பெரும்பாலானோர். திடத்தட்டின் வழியே எப்படி மறுபுறம் தெரியும்? 1855இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆதம்ஸ் பரிசுக்குச் சனியின் வளையங்களைப் பொருளாக அறிவித்தது. வளையம் திடமா, நீர்மமா, ஒன்றோடொன்று ஒட்டாத துணுக்குகளா என்பது கேள்வி. புதிதாகக் கண்டறியப்பட்ட கருவளையத்தின் தோற்றத்துக்கும் விளக்கம் கேட்கப்பட்டது. பரிசு பெற்றவர் இருபத்தைந்து வயது கடந்திருந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். திடவளையம் நிலைக்காது, கோளின்மேல் விழுந்துவிடும். தனித்தனித் துணுக்குகளே நிலைபெறும் என்று அவர் கணிதத்தால் நிறுவினார். நூல் 1859இல் வெளிவந்தது.

கணிதம் சொன்னதைக் கண்ணால் காண 1895 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிதம்பரத்தின் தேரை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். தேர்ச்சக்கரத்தில் அச்சுக்கு அருகிலுள்ள புள்ளி மெதுவாகவும் விளிம்பிலுள்ள புள்ளி விரைவாகவும் செல்லும். ஏனெனில் சக்கரம் ஒரே உடல். வளையமும் ஒரே உடலாக இருந்தால் வெளிவிளிம்பே விரைவாகச் செல்ல வேண்டும். தனித்தனித் துணுக்குகளாக இருந்தாலோ, கோளின் ஈர்ப்புக்கு அருகிலிருக்கும் உட்புறத் துணுக்குகளே விரைந்தோட வேண்டும். ஜேம்ஸ் கீலர் சனியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து அளந்தபோது உட்புறமே விரைந்தது. ஐயம் தீர்ந்தது.

ஜேக்கப்பின் கதையில் மற்றொரு பக்கமும் உண்டு. அதே தொலைநோக்கியால் இரட்டை விண்மீன்களையும் அளந்துவந்த அவர், 1855இல், ஓஃபியூக்கஸ் கூட்டத்திலுள்ள 70ஆம் எண் இரட்டை விண்மீனின் பாதையில் ஒழுங்கின்மை தென்படுகிறது, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று காரணமாக இருக்கக்கூடும் என்று எழுதினார். நம் சூரியனுக்கு அப்பால் கோள் இருப்பதாக அளவீடுகளைக் கொண்டு முன்வைக்கப்பட்ட முதற்கூற்றுகளில் ஒன்று அது. பின்வந்த கணக்குகள் அதைத் தள்ளுபடி செய்தன. ஒரே மனிதர், ஒரே கருவி, மூன்றாண்டு இடைவெளி. ஒன்று நிலைத்தது, மற்றது நிலைக்கவில்லை. 1862 ஆகஸ்டில், மலைமேல் வானாய்வு நடத்தும் கனவோடு மீண்டும் இந்தியா வந்த ஜேக்கப், வந்த சில நாட்களிலேயே பூனாவில் காலமானார்.

துகள் நடக்கும் வழி

சனியின் முதன்மை வளையங்களில் உள்ளவை பெரும்பாலும் கூழாங்கல் முதல் பாறை வரையிலான பனித்துணுக்குகள். அவை ஈர்ப்புக்கு மட்டுமே கட்டுப்பட்டவை. மாக்ஸ்வெலின் கணிதம் அவற்றுக்குப் போதும். உண்மையான தூசி, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள், வேறு சட்டத்துக்கும் உட்பட்டது. காரணம் எளிது. ஒரு துகளின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அதன் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். மேற்பரப்போ நூறில் ஒன்றாகத்தான் குறையும். எடையைப் பற்றியிழுப்பது ஈர்ப்பு, மேற்பரப்பைத் தள்ளுவது சூரிய ஒளி. எனவே துகள் சிறுக்கச் சிறுக்க ஒளியின் கை ஓங்குகிறது. போதாக்குறைக்கு, சூரியனின் புறஊதா ஒளியாலும் கோளைச் சூழ்ந்த மின்ம வளியாலும் துகள் மின்னூட்டம் பெறுகிறது. உடனே கோளின் காந்தப்புலம் அதைப் பற்றிக்கொள்கிறது.

1979 மார்ச்சில் வாயேஜர் 1 விண்கலம் வியாழனுக்கும் ஒரு மெல்லிய வளையம் இருப்பதைக் கண்டது. சில மாதங்கள் கழித்து வாயேஜர் 2 அதைக் கடந்துபோய்த் திரும்பிப் பார்த்தபோது, சூரியனை எதிரே வைத்த அந்நிலையில், வளையம் பன்மடங்கு பளிச்சிட்டது. ஓட்டின் துளை வழியே கதிர் விழும் வீட்டில், அதை எதிர்நோக்கி நிற்பவருக்கே மிதக்கும் தூசி நன்றாகத் தெரியும். அதே நியாயம் அங்கேயும் பொருந்தியது. வளையம் நுண்தூசியால் ஆனது என்று அதனாலேயே அறிந்தார்கள்.

அத்தூசி எங்கிருந்து வருகிறது? 1995 முதல் 2003 வரை வியாழனைச் சுற்றிய கலீலியோ விண்கலம் விடை தந்தது. விண்கற்பொடிகள் சிறுநிலவுகளின்மேல் மோதித் தூசியைக் கிளப்புகின்றன. பெருநிலவாக இருந்தால் கிளம்பியதைத் தானே திரும்ப இழுத்துக்கொள்ளும். அமல்தியா, தீபி போன்ற சிறுநிலவுகளுக்கு அந்த வலு இல்லை. தூசி கைநழுவிப் போய்விடுகிறது. நிலவு தன் சாய்ந்த பாதையில் எவ்வளவு மேலும் கீழும் ஏறி இறங்குகிறதோ, அதன் தூசி வளையமும் சரியாக அவ்வளவே கனமுடையதாக இருக்கிறது. பிறந்த இடத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அங்கிருந்து துகள்கள் மெல்ல மெல்லச் சுழன்று உள்நோக்கி இறங்குகின்றன. ஒளியை உள்வாங்கி மீண்டும் உமிழும்போதெல்லாம் துகளின் வேகத்தில் ஒரு சிறு பங்கு பறிபோவது அதற்கு ஒரு காரணம். ஆகவே தூசி வளையம் ஏரியைப் போன்றதன்று, வாய்க்காலைப் போன்றது. வரத்து நின்றால் வறண்டுவிடும்.

உள்நோக்கி இறங்குவதே எல்லாத் துகளுக்கும் விதி என்று சொல்லிவிட முடியாது. அயோவில் எரிமலைகள் உண்டு. அவற்றின் புகையிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் மின்னூட்டம் பெறுகின்றன. அயோ விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் சுற்ற, பத்து மணி நேரத்துக்கும் குறைவாக ஒருமுறை சுழலும் வியாழனின் காந்தப்புலம் அவ்விடத்தை விநாடிக்கு 74 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறது. கவணிலிருந்து எறியப்பட்டவைபோல அத்துகள்கள் வியாழனின் ஆட்சியிலிருந்தே வெளியேறிவிடுகின்றன. விநாடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாயும் இத்தூசியோடைகளை 1992இல் யுலிசஸ் விண்கலம் கண்டது.

சனியின் பக்கம் வந்தால் காட்சி இன்னும் விரிகிறது. வெகுதொலைவில் எதிர்த்திசையில் சுற்றும் ஃபீபி என்னும் நிலவின் தூசி, 2009இல் கண்டறியப்பட்ட மாபெரும் வளையமாகப் பரவியிருக்கிறது. அது உள்நோக்கி இறங்கும் வழியில் ஐயப்பெட்டஸ் என்னும் நிலவின் முன்முகத்தில் வந்து படிகிறது. மழையில் விரைந்து நடப்பவரின் முன்புறமே நனைவதுபோல, அந்நிலவின் ஒருபாதி மட்டும் கருத்துக் கிடக்கிறது. சனியின் ஒருபுறத்தில் இருக்கும்போது மட்டும் இந்நிலவு தெரிகிறதே என்று பதினேழாம் நூற்றாண்டில் ஜியோவான்னி கசினி கண்ட புதிருக்கு இவ்வாறு விடை கிடைத்தது. 2005இல் அவர் பெயர் தாங்கிய விண்கலம், என்சலாடஸ் நிலவின் தென்முனையிலிருந்து பனித்துகள் பீறிடுவதைக் கண்டது. சனியின் மங்கலான வெளிவளையம் ஒன்றுக்கு வரத்து வாய்க்கால் அதுவே. அத்துகள்களில் உப்பு இருப்பது 2009இலும் பாஸ்பேட் இருப்பது 2023இலும் தெரிவிக்கப்பட்டன. பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில் உப்புக்கடல் இருக்கிறது என்பதற்கு, அக்கடலை எட்டாமலே, ஒரு தூசித் துகள் சாட்சி சொல்லிவிட்டது.

1977: பெயர் தவறிய நிழல்

மூன்றாம் இடம் சவ்வாது மலையில் உள்ள காவலூர். அங்கே 1972 முதல் ஒரு மீட்டர் வாயளவுள்ள தொலைநோக்கி இயங்கிவருகிறது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னே கடக்கவிருந்தது. அமெரிக்கக் குழு ஒன்று தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடலுக்குமேல் பறந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் விண்மீனின் ஒளியைப் பதிவுசெய்தார்கள். அப்பதிவில் ஒளி ஒருமுறை சட்டெனத் தாழ்ந்து மீண்டது. யுரேனஸுக்குப் புதிய நிலவு ஒன்று என்று அவர்கள் அதைப் படித்தார்கள். அத்தலைப்பிலேயே நேச்சர் இதழில் எழுதினார்கள்.

விமானத்திலிருந்த குழுவுக்கோ கோளின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் ஒளி பலமுறை மங்கியது கிடைத்தது. ஒருபுறம் மட்டும் ஒருமுறை மறைந்தால் நிலவு எனலாம். இருபுறமும் சரிசமமாக மறைந்தால் வளையம் என்பதைத் தவிர வேறு முடிவில்லை. யுரேனஸின் வளையங்கள் என்ற கண்டுபிடிப்பு அவர்கள் பெயரில் நின்றது. காவலூரின் பதிவு பிழையானதன்று. அங்கே விழுந்த நிழல் உண்மையான வளையத்தின் நிழலே. தவறியது பெயர் மட்டும். 1986 ஜனவரியில் வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது, அவ்வளையங்களுக்கு இடையே தூசிப் பட்டைகள் விரவிக் கிடப்பதும் தெரிந்தது.

இம்மூன்று கதைகளையும் பெருமைக் கணக்கில் வரவு வைக்கவோ, பற்று எழுதவோ நமக்கு விருப்பமில்லை. கோல்டிங்காமின் தலைப்பில் பெயரற்றுப் போனவர்களை நினைக்கையில் ஓர் ஆதங்கம் மட்டும் எழுகிறது. அவ்வானாய்வுக்கூடத்தின் உதவியாளர் வரிசையில் பெயர் துலங்கிய ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். புதிய அளவீடுகளைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்தவும் முயன்றவர். சோழிக் கணக்கையும் தொலைநோக்கியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த அவரைப் போன்றவர்களின் குறிப்பேடுகளே, நாம் தொடக்கத்தில் சொன்ன இரண்டு முட்டுச்சந்துகளுக்கும் இடையே ஓடும் தெரு. அதில் நடப்பவர்கள் இன்னும் குறைவு.

சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டி ஏறத்தாழ மறைந்தது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 வாக்கில் முழு அகலத்தையும் காட்டும். ஜேக்கப் வைத்திருந்தது ஆறங்குலத் தொலைநோக்கி. இன்று அது ஒரு பள்ளிக்கூடத்துக்கும் எட்டாத பொருளன்று. தேவனாம்பட்டினத்து மணலில், ஊர்விளக்குகளுக்கு முதுகு காட்டி, தெளிந்த இரவொன்றில் அதைச் சனியை நோக்கித் திருப்பினால், கருவளையத்தின் வழியே கோளின் விளிம்பு தெரிகிறதா என்று எவரும் பார்க்கலாம். பார்த்ததை நாளும் மணியும் விநாடியும் இட்டு எழுதிவைக்க வேண்டும். பார்த்தவர் பெயரையும்.